பதினேழாம் தொட்டிக் குரோக்கஸ்

தெல்சே ப்ரோடர்சனுக்குக் கோபம் வராத நாள் என்று ஒன்று எனக்கு நினைவில்லை. வட ஜெர்மனியின் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் முப்பத்தொரு வருடம் தபால்காரியாக இருந்தாள். கடல் காற்று முகத்தில் அறைய அறைய சைக்கிள் மிதிப்பாள், மிதித்துக்கொண்டே காற்றைத் திட்டுவாள். தபால் பெட்டியின் மூடி இறுகியிருந்தால் வீட்டுக்காரருக்குத் திட்டு. நாய் குரைத்தால் நாய்க்கும் திட்டு, வளர்த்தவனுக்கும் திட்டு. முகவரியைக் கிறுக்கி எழுதியவன் மியூனிக்கில் இருந்தாலும் அவனுக்கு எங்கள் வாசலில் நின்றபடி அர்ச்சனை நடக்கும். ஆனால் அத்தனை வருடத்தில் ஒரு கடிதம் கைமாறிப் போனது கிடையாது. அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அவளுக்கு நாமென் என்று ஒரு புருஷன் இருந்தான். நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒரு ஏப்ரலில், பெண்டாட்டி தபால் கொடுக்கப் போயிருந்த நேரத்தில், பாவி மனுஷன் வீட்டு முன்னாலிருந்த புல்தரையை வெட்டி வைத்தான். பதினோரு நாள் தெல்சே அவனோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் பேசினாள், அதைத் தெருவே கேட்டது. அவன் ஃப்ளென்ஸ்பூர்க் போய் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்தது அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான். ஆனாலும் புல் வெட்டியதற்காகப் புருஷனை விரட்டியவள் என்ற பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. அவள் அதை மறுக்கவும் இல்லை.

"புல்லுக்காக இல்ல, குரோக்கஸுக்காக" என்று மட்டும் திருத்துவாள்.

எங்கள் பக்கம் பிப்ரவரியில் கடல், வானம், வயல் எல்லாம் ஒரே சாம்பலாகக் கிடக்கும். அந்தச் சமயம் தெல்சே வீட்டுப் புல்லுக்குள்ளிருந்து விரல் நீளத்துக்கு ஊதா குரோக்கஸ் மொட்டுகள் கிளம்பும். கொஞ்சம் வெயில் பட்டால் போதும், தரை முழுக்க வாய் திறந்துவிடும். மூன்று வாரம்தான் அந்தப் பவிசு. பக்கத்து ஹூசும் நகரப் பூங்காவுக்குக் குரோக்கஸ் பார்க்கப் பேருந்தில் வருகிறவர்கள் பூவைப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பூ போன பிறகுதான் தெல்சேக்கு வேலையே ஆரம்பிக்கும். நடுவில் வெள்ளைக் கோடு ஓடும் ஒல்லி இலைகள் மட்டும் புல்லோடு புல்லாக நீண்டு கிடக்கும். அந்த இலை பச்சையாக இருக்கும் நாட்களில்தான் மண்ணுக்கடியில் பழைய கிழங்கு செத்து, அதன் தலைமேல் புதுக் கிழங்கு திரளும். இலையை வெட்டினால் புதுக் கிழங்கு பட்டினி. மஞ்சளாகித் தானே சாயும்வரை, அதாவது மே கடைசி வரை, அங்கே கத்தி படக் கூடாது.

இது எங்கள் தெருவில் பலருக்கும் அரைகுறையாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஏப்ரல் பிறந்து முதல் சனிக்கிழமை யாராவது ஒருவர் புல் வெட்டும் மெஷினைக் கிளப்பினால் போதும், மற்றவர்களுக்குக் கை பரபரக்கும். மதியத்துக்குள் ஐந்து வீட்டுத் தரையும் மொட்டையடித்த தலையாகிவிடும். ஆறாவது தெல்சேயுடையது. கணுக்கால் மூடப் புல் வளர்ந்து, இலை சாய்ந்து, டேண்டலியன் களை பூத்துக் கிடக்கும். அதைக் கடந்து போகும்போதெல்லாம் எங்கள் தெருக்காரர்களுக்கு, அழுக்குச் சட்டையோடு யாரோ தங்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பது போல ஒரு எரிச்சல். எனக்கும்தான்.

அவள் விதையிலிருந்தும் வளர்ப்பாள். பூ வாடியபின் தரைமட்டத்தில் ஒரு சின்னக் காய் எட்டிப் பார்க்கும். அது வெடித்தால் எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடும். எறும்புக்கு முன்னால் முட்டி போட்டு, புருவம் பிடுங்கும் இடுக்கியால் அதை எடுப்பாள். தொட்டியில் விதைத்து எண் எழுதி வைப்பாள். மூன்று வருடம் காத்திருந்தால் ஒரு பூ வரும். நூற்றில் தொண்ணூற்றொன்பது தாயைப் போலவே வரும். "போ சனியனே" என்று அவற்றைப் புல்லில் நட்டுவிடுவாள்.

பதினேழாம் எண் தொட்டியில் வந்தது வேறு. வெளி இதழ் வெள்ளி நிறம், உள்ளே பழுத்த பிளம் பழத்தின் நிறம், தொண்டை மட்டும் பால் வெள்ளை. அதைவிடப் பெரிய விஷயம், அது ஜனவரி இருபதை ஒட்டியே பூத்தது. மற்றதெல்லாம் மண்ணுக்குள் தூங்கும்போது அது மட்டும் எழுந்து நின்றது. பதினான்கு வருடம் பொறுத்துப் பொறுத்து, ஒரு கிழங்கைப் பதினொன்றாக்கினாள். என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, அவள் புல்தரையின் ஓரத்தில் அந்தப் பதினொன்றையும் நட்டு, சுற்றிலும் ஐஸ் குச்சிகளில் '17' என்று எழுதிச் செருகினாள். ஹாலந்தில் கிழங்கு வளர்த்து விற்கும் ஒருவருக்குப் படம் அனுப்பினாள். ஜூனில் இலை சாய்ந்ததும் நேரில் வந்து இரண்டு கிழங்கு எடுத்துப் பெருக்கிப் பார்க்கிறேன் என்று அவர் பதில் எழுதினார்.

அந்தக் கடிதத்தைத் தெருவைத் தாண்டி வந்து என்னிடம்தான் காட்டினாள்.

"பாத்துக்க மாரென். உன் ஜன்னல்லேருந்து நேரா தெரியுது. பூனை வந்தா, குப்பை வண்டிக்காரன் மிதிச்சா, சத்தம் போடு. குச்சிக்குள்ள இருக்கறதுதான் என் பதினாலு வருஷம்."

ஆக, அந்தக் குச்சிகள் என்னவென்று தெருவில் தெரிந்த ஒரே ஆள் நான்.

இப்போது என் கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஆறு வருடம் முன்னால், என் மகள் இன்கெனுக்குப் பதினான்கு வயதில் தேவாலயத்தில் திடப்படுத்தல் சடங்கு நடந்தது. புது உடுப்பு, கையில் பூச்செண்டு, ஹாம்பூர்கிலிருந்து உறவுக்காரர்கள். எல்லோரும் தெருவில் நின்று படம் எடுக்கும்போது, இடம் போதாமல் என் பெண் தெல்சேயின் புல்லில் நாலடி உள்ளே போய் நின்றுவிட்டாள். ஏப்ரல் கடைசி. பூவெல்லாம் எப்போதோ போயிருந்தது, வெறும் இலை. தெல்சே கதவைத் திறந்துகொண்டு வந்து, "வெளிய வா, மாடு! பாத்து நடக்கத் தெரியாது? உங்கம்மா கண்ணு சொல்லிக் குடுக்கலையா?" என்று இருபது விருந்தாளிகள் முன்னால் கத்தினாள். என் மகள் அழுது அழுது முகம் வீங்கிப் போனாள். அந்தப் படம்தான் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. தெல்சே அதற்கு வருத்தம் தெரிவிக்கவில்லை. தெரிவிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. எனக்கு அது ஆறு வருடமும் தொண்டையில் நின்றது.

அந்த வருடம் மார்ச் ஆரம்பத்தில் தெல்சே பனியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை, பிறகு நடக்கப் பழக்கும் இல்லத்தில் நான்கு வாரம். ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு வீடு திரும்புகிறாள் என்று தெரிந்ததும் தெரு கூடிவிட்டது. எங்களிடம் ஆயிரம் குறை இருக்கலாம், ஒருவருக்கு ஒன்று என்றால் சும்மா இருக்க மாட்டோம். பைன் கிளைகளைக் கட்டி, காகித ரோஜா செருகி, அவள் வாசலுக்கு மாலை கட்டினோம். ஒருவர் ஜன்னல் துடைத்தார். சனிக்கிழமை காலை ஹார்க் லோரென்சன் தன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

ஹார்க்கும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பால் பண்ணை லாரி ஓட்டுகிறவன். குரோக்கஸ் ஜாதியும் தெரியாது, இலையும் தெரியாது. தரை மட்டமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. பெண்டாட்டி இறந்த பிறகு தெருவில் யாருக்கு எது உடைந்தாலும் முதலில் போய் நிற்பவன் அவன்.

"இப்படி விட்டா அந்தம்மா ஊன்றுகோலை எங்க வைக்கும்? வழுக்கிடும்" என்றான். அதில் தப்பே சொல்ல முடியாது. மேலே பூ ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் அது வெறும் வளர்ந்த புல். அவள் கோபம் தெரிந்தவர்களும், ஊன்றுகோலோடு வருகிறவள் இந்த ஒரு தடவை நன்றிதான் சொல்வாள் என்று நினைத்தார்கள்.

பாதி வெட்டியவன் குச்சிகளிடம் வந்து நிறுத்தினான். மெஷினை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"மாரென், இதென்ன குச்சி? ஏதாச்சும் நட்டு வச்சிருக்காங்களா?"

அந்த நேரம் என் தலைக்குள் ஓடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறந்து போனது, குழம்பிப் போனது என்றெல்லாம் சாக்குச் சொல்ல மாட்டேன். என் பெண்ணின் வீங்கிய முகம் ஓடியது. 'மாடு' என்ற சொல் ஓடியது.

"ஏதோ பழைய குச்சி. போன வருஷத்துது" என்றேன்.

"நிச்சயமா? கோவக்காரம்மா, அதான் கேக்கறேன்."

"நான் எதுத்த வீட்டுல இருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி, குனிந்து, பதினொரு குச்சிகளையும் நானே பிடுங்கினேன். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி தெல்சேயின் ஜன்னல் விளிம்பில் வைத்தேன். ஹார்க் மெஷினைக் கிளப்பினான். என் புருஷன் தீஸ் பின்னாலேயே வந்து கத்தரியால் ஓரத்தைச் சீராக்கினான். வெட்டியதை மற்றவர்கள் வாரிக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். தரை அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் டாக்ஸி வந்தது. தெருவே வாசலில் நின்றது. தெல்சே ஊன்றுகோல் இரண்டையும் ஊன்றி இறங்கினாள். மாலையைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

"யாரு?"

நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து ஹார்க் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினான். "நான்தான் தெல்சே!"

"அறிவு கெட்ட முண்டம்! புல்லைக் கண்டா வெட்டறதுக்குன்னே பொறந்தியா? உன் மண்டையில இருக்கறதும் புல்லுதானா?" இன்னும் என்னென்னவோ சொன்னாள், அதெல்லாம் எழுதக் கூடியதல்ல. ஊன்றுகோலால் மாலையை இழுத்துக் கீழே தள்ளினாள். காகித ரோஜாக்கள் சேற்றில் விழுந்தன. பிறகு ஜன்னல் விளிம்பில் குச்சிக் கட்டைப் பார்த்தாள். கத்தல் நின்றது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இதை யாரு பிடுங்கினது?"

ஹார்க் என்னை ஒரு நொடி பார்த்தான். சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். சொல்லித் தொலையட்டும் என்றுகூட நினைத்தேன்.

"மெஷின் என்னுது தெல்சே. நான்தான் பொறுப்பு" என்றான்.

பாவம், எனக்கும் தெரியாமல்தான் நடந்தது என்று அவன் நம்பியிருக்கிறான். தெரியாமல் செய்தவளை எதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று விட்டிருக்கிறான். எனக்கு அவன்மேல் நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அன்றோடு எனக்கு முடிந்திருக்கும்.

தெல்சே ஹாலந்துக்காரருக்கு ஒரே வரி எழுதிப் போட்டாள்: வர வேண்டாம்.

எங்கள் ஊரில் வாசலுக்கு மாலை கட்டியவர்களைக் கூப்பிட்டுக் காபியும் கேக்கும் கொடுக்க வேண்டும். எத்தனை மனஸ்தாபம் இருந்தாலும் அது கட்டாயம். தெல்சே இரண்டு மாதம் கூப்பிடவில்லை. கீழே தள்ளிய மாலைக்கு எதற்குக் காபி என்று சிலர் கிசுகிசுத்தார்கள். ஜூன் நடுவில் எல்லா வீட்டுக்கும் துண்டுச் சீட்டு வந்தது. போனோம். மேஜை விரித்திருந்தது, கெட்டில் கொதித்தது. கேக்குத் தட்டில் ஆளுக்கொரு கேக்குத் துண்டு இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தட்டு, அதன் நடுவில் பட்டாணி அளவில் பழுப்பாக ஒரு கிழங்கு.

"மாலைக்கு நன்றி. மாலை நல்லா இருந்துச்சு" என்றாள் தெல்சே. "மத்ததுக்கு நன்றி கிடையாது. பதினொண்ணுல ஒம்போது உயிரோட இருக்கு. எப்படியிருக்கு பாருங்க. ஹேசல் கொட்டை சைஸ் இருந்தது. எல்லாத்தையும் ஒரே எடத்துல வச்சது என் முட்டாள்தனம். ஒரு மடையன் வெட்டினா எல்லாம் போச்சு. இப்போ வீட்டுக்கு ஒண்ணு. அஞ்சு மடையனும் ஒரே நாள்ல வெட்ட மாட்டீங்கன்னு நம்பறேன். மீதி நாலு என்கிட்ட இருக்கும்."

ஹார்க்கின் தட்டிலும் ஒன்று இருந்தது. அவன் அதைத் தொடத் தயங்கினான்.

"எடு. நீ கொன்னதை நீயே வளத்துக் காட்டு" என்றாள்.

காபி கறுப்பாகக் கசந்தது. யாரும் சர்க்கரை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. தெல்சே ஹார்க்கோடு பேசவில்லை, சரி, அவள் இழந்தது பெரிது. தெருவுக்கு என்ன வந்தது? வாரியவர்கள், ஓரம் வெட்டியவர்கள், மாலை கட்டியவர்கள், எல்லோரும் ஒரே மாதத்தில் உத்தமர்களாகிவிட்டார்கள். "நான் அப்பவே சொன்னேன், வெட்டாதேன்னு" என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள். ஒருவரும் சொல்லவில்லை, நான் அங்கேதான் இருந்தேன். மெஷின் ஹார்க்குடையது, அதனால் பாவம் மொத்தமும் ஹார்க்குடையது. எங்கள் ஊரில் காலையோ மாலையோ, எதிரே வருகிறவரிடம் "மொய்ன்" என்று சொல்லாமல் கடக்க மாட்டோம். நாய் அழைத்துப் போகும் அந்நியனுக்கும் அது உண்டு. ஹார்க் சொன்ன மொய்னுக்குப் பதில் வருவது மெல்ல மெல்ல நின்றது. பிப்ரவரி இருபத்தொன்றில் ஊர் வழக்கப்படி கடற்கரையில் நெருப்பு மூட்டிவிட்டுக் கீரைக்கோஸும் இறைச்சியும் சாப்பிட எல்லோரும் உட்கார்ந்தபோது, அவனுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி. அவன் தலை குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். நான் எதிர் மேஜையில் உட்கார்ந்து, எழுந்து அவன் பக்கத்தில் போய் உட்காரவில்லை. போனால் ஏன் என்று கேட்பார்களே.

தீஸிடம் மட்டும் ஒருநாள் உண்மையைச் சொன்னேன்.

"வேற யாருக்காச்சும் தெரியுமா?" என்றான்.

"இல்ல."

"அப்போ விடு. புல்லு வளந்துடும்."

அவனைப் பார்த்து எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த உருளைக்கிழங்கைக் கழுவு தொட்டியில் எறிந்தேன். ஆனால் விட்டதும் நான்தான். அவன் சொன்னதைத்தான் செய்தேன்.

முதல் குளிர்காலத்தில் யாரிடமும் பூ வரவில்லை. பட்டாணி அளவுக் கிழங்குக்கு அந்தச் சக்தி இருக்காது. தெல்சே வைத்திருந்த நான்கையும் எலி தின்றுவிட்டது. எலிக்கு விழுந்த திட்டு இரண்டு தெரு தள்ளிக் கேட்டது. ஒரு வீட்டில் நாய் தோண்டியது, ஒரு வீட்டில் அழுகியது, மூன்றாவது வீட்டுக்காரருக்கு எங்கே நட்டோம் என்றே மறந்துவிட்டது. என்னிடம் இரண்டு இலை வந்தது. ஹார்க்கிடம் என்ன வந்ததென்று யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தோம். தெருவிலேயே வழவழப்பான தரை வைத்திருந்தவன் மெஷினை வெளியே எடுப்பதையே நிறுத்திவிட்டான். ஏப்ரல், மே, ஜூன் பாதி, அவன் வீட்டு முன்னால் புல் முழங்காலைத் தொட்டது. அதையும் அசிங்கம் என்று பேசினார்கள். வேலைக்குப் போகுமுன் தினமும் அந்த லாரிக்காரன் ஈரத்தில் முட்டி போட்டு ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை என் ஜன்னலிலிருந்து பார்ப்பேன்.

இரண்டாவது ஜனவரி, இருபத்துமூன்றாம் தேதி. காலை பதினோரு மணி இருக்கும். ஹார்க் வீட்டுச் செருப்போடு தெருவின் குறுக்கே ஓடி தெல்சேயின் மணியை அடித்தான். கொஞ்ச நேரத்தில் அவள் கம்பளிக் கோட்டை வீட்டு உடுப்பு மேலேயே மாட்டிக்கொண்டு ஊன்றுகோலோடு அவன் பின்னால் போனாள். எனக்குக் கால் நிற்கவில்லை. நானும் போனேன்.

புல்லுக்கு நடுவே ஒற்றை மொட்டு, வெள்ளி நிறத்தில், மூடிக்கொண்டு நின்றது. வெயில் இல்லாமல் திறக்காது. நாங்கள் மூன்று பேரும் குளிரில் நின்றோம். யாரும் உள்ளே போகலாம் என்று சொல்லவில்லை. அரைமணி கழித்து மேகம் கிழிந்து வெயில் விழுந்தது. கண் முன்னாலேயே இதழ் விலகியது. உள்ளே பிளம் நிறம், தொண்டையில் பால் வெள்ளை. தெல்சே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மூணு நாள் லேட்டு" என்றாள்.

"இனிமே நேரத்துக்கு வரச் சொல்றேன்" என்றான் ஹார்க். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தெல்சே அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் காபி விருந்துக்குப் பிறகு அவள் அவன் முகத்தைப் பார்த்தது அன்றுதான்.

"ஹார்க், நீ வெட்டினது மடத்தனம். அதை நான் அந்த ஜூன்லயே விட்டிருப்பேன். குச்சியைப் பிடுங்கிக் கட்டி வச்சே பாரு, அதைத்தான் என்னால விட முடியல. குச்சியைப் பாத்தவனுக்கு அங்க ஏதோ இருக்குன்னு தெரியும். தெரிஞ்சே செஞ்சிருக்கே. ஏன்டா?"

ஹார்க் பூவையே பார்த்துக்கொண்டு நின்றான். இப்போதாவது சொல்வான் என்று பார்த்தேன். இத்தனை நாளும் மொய்னுக்குப் பதில் இல்லை, நாற்காலிக்குத் துணை இல்லை. இப்போதும் அவன் என் பெயரைச் சொல்லவில்லை.

"தெரியாமப் போச்சு தெல்சே" என்றான்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, தெல்சேயைவிட உரக்கக் கத்தினேன்.

"அவன் பிடுங்கல! நான் பிடுங்கினேன். அவன் கேட்டான், ஒண்ணுக்கு ரெண்டு தடவை கேட்டான். பழைய குச்சின்னு நான்தான் சொன்னேன். எனக்குத் தெரியும் தெல்சே. நீங்களே எங்கிட்ட சொன்னீங்க. தெரிஞ்சேதான் பிடுங்கினேன். என் பொண்ணை மாடுன்னு சொன்னீங்க இல்ல, அதுக்காக."

தெல்சே கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஊன்றுகோலால் ஒரு அடி போட்டிருந்தால் இன்னும் நல்லது. வாழ்நாள் முழுக்கத் திட்டியவளுக்கு அன்று ஒரு சொல் கிடைக்கவில்லை. என்னை விட்டுவிட்டு ஹார்க் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்ல. எப்படிடா கேக்கணும்?"

ஹார்க் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளியில் என் சைக்கிள் சங்கிலி கழன்றால் மாட்டிக் கொடுத்தவன் அவன். அந்த முகத்தில் கோபத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"உனக்குத் தெரியும்" என்றான்.

"தெரியும்."

"நெருப்பன்னைக்கு எதுத்தாப்புல உக்காந்து சாப்ட்டியே, அப்பவும் தெரியும்."

"ஆமா."

"உனக்குத் தெரியாதுன்னு நெனச்சுத்தான் நான் வாயைத் தொறக்கல, மாரென். வீட்டுக்குப் போ."

போனேன்.

தெல்சே மறுபடி எழுதிப் போட, ஜூனில் ஹாலந்துக்காரர் வந்தார். ஹார்க்கின் தரையில் ஒரு கிழங்கு மூன்றாகியிருந்தது. அதில் இரண்டை எடுத்தார், ஒன்றை அங்கேயே விட்டார். பூவுக்குப் பெயர் என்ன வைப்பது என்று கேட்டதற்குத் தெல்சே யோசிக்கவே இல்லையாம். கிழங்கு வைத்த பெட்டியின் மேலிருந்த '17' என்ற எண்ணை அடித்துவிட்டு 'ஹார்க் லோரென்சன்' என்று தன் தபால்காரிக் கையெழுத்தில் கொட்டை கொட்டையாக எழுதினாளாம். இடுப்பு வலியோடு தெருவில் வீடு வீடாக ஏறி, "என் கோவம் என்னோடது, உங்களை எவன் சேத்துக்கச் சொன்னான்? அவனுக்கு ஒழுங்கா மொய்ன் சொல்லுங்க, நன்றி கெட்டவங்களா" என்று ஒவ்வொருவரையும் கிழித்துவிட்டு வந்தாள். எங்கள் வீட்டு மணியை மட்டும் அடிக்கவில்லை.

இப்போது எல்லோரும் அவனுக்கு மொய்ன் சொல்கிறார்கள். அவனும் எல்லோருக்கும் சொல்கிறான். தினமும் காலை ஏழேகாலுக்கு ரொட்டி வாங்க அவன் எங்கள் வேலியோரமாகப் போவான். அந்த நேரத்துக்கு நான் வாசலில் நிற்கிறேன். "மொய்ன், ஹார்க்" என்கிறேன். மழையிலும் நிற்கிறேன், மூடுபனியிலும் நிற்கிறேன். நாலாவது மாதம் நடக்கிறது. அவன் நேரே பார்த்தபடி நடந்து போகிறான்.